வீட்டுக்கு உண்டா உழவாரப் பணி?

கடலூரிலிருந்து கிள்ளை வரை கடலோரமாகப் போனால் 'சுனாமி நகர்' என்று ஊர்க்காரர்கள் சொல்லும் குடியிருப்புகள் வந்துகொண்டே இருக்கும். அரசுப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கலாம். ஆட்டோக்காரருக்கு இந்தப் பெயர் சொன்னால்தான் வழி தெரியும். பல குடியிருப்புகளின் முகப்பில் ஒரு பளிங்குக் கல் பதித்திருப்பார்கள். பணம் தந்த நிறுவனம், திறந்துவைத்த பெரிய மனிதர், நாள், ஆண்டு. எழுத்துக்குப் பூசிய கறுப்பு மங்கியிருக்கும், கல் அப்படியே இருக்கும். உப்புக்காற்று பளிங்கோடு அவ்வளவாக வம்புக்குப் போவதில்லை. அதற்குப் பின்னால் நிற்கும் வீட்டோடுதான் அதன் சண்டை.

உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் தெரியும். கூரைத் தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி விலா எலும்பு மாதிரி வரிவரியாக நிற்கும். இதற்கு ஊரில் இரண்டே சொல்: 'கம்பி தெரியுது.' கம்பி தெரியும் வீட்டில் பாய் விரிக்கும் இடமும் மாறும். தொட்டில் கட்டும் கொக்கியை யாரும் நம்புவதில்லை.

இந்த வீடுகளைக் கட்ட ஒரு காலத்தில் உலகமே வந்தது. அவற்றைப் பழுதுபார்க்க வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வீடு கட்டித் தரும் தொண்டு பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கண்ணில் படுவது இந்த இடைவெளிதான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோதிக்குப்பம், சாமியார்பேட்டை, பரங்கிப்பேட்டையை ஒட்டிய குப்பங்கள், கிள்ளைக்குக் கிழக்கே எம்.ஜி.ஆர். திட்டு என்று கடல் உள்ளே வந்த ஊர்களின் பட்டியல் நீளம். தமிழ்நாட்டில் நாகப்பட்டினத்துக்கு அடுத்து அதிகச் சாவு கண்ட மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. அறுநூறு பேருக்கு மேல் போனார்கள். பிச்சாவரத்தின் சுரபுன்னைக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் அதிகச் சேதமில்லாமல் தப்பின. முன்னால் மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு தப்பவில்லை. அதற்குப் பிறகு அந்த ஊர் கரைப்பக்கம் குடிபெயர்ந்துவிட்டது.

அன்றைக்கு முதலில் கை நீட்டியவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். பரங்கிப்பேட்டை ஜமாஅத், ஓடிவந்த மீனவக் குடும்பங்களுக்கு மண்டபங்களைத் திறந்துவிட்டு நாள்கணக்கில் சோறு போட்டது. பிறகு லாரிகள் வந்தன. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ககன்தீப் சிங் பேடியின் நிர்வாகம் அந்த உதவி வெள்ளத்தை ஒழுங்குபடுத்தப் பட்ட பாட்டை அந்தக் காலத்துச் செய்தித்தாள்கள் விரிவாக எழுதின. துணி மலையாகக் குவிந்து, கடைசியில் சாலையோரத்தில் மக்கியது. கம்பளிச் சட்டையைத் தேவனாம்பட்டினத்தில் யார் போட்டுக்கொள்வார்கள்?

அடுத்தது தற்காலிகக் கொட்டகை. மூங்கில் சட்டம், தார் பூசிய அட்டை. தை மாதத்தில் பொறுக்க முடிந்தது. சித்திரையில் அது அடுப்பாகிவிட்டது. பகலெல்லாம் ஜனங்கள் வெளியே மர நிழலிலும் படகு நிழலிலும் கிடந்தார்கள். அதனால் நிரந்தர வீடு என்ற பேச்சு எழுந்தபோது எல்லோருக்கும் ஒரே அவசரம்.

2005 ஜனவரி 13 தேதியிட்ட அரசாணை எண் 25 அந்த அவசரத்துக்கு ஒரு உருவம் கொடுத்தது. அரசு நிலம் தரும், தொண்டு நிறுவனங்கள் ஊரைத் தத்தெடுத்து வீடு கட்டித் தரலாம். வீடு ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ரூபாய், 300 முதல் 325 சதுர அடி. மார்ச் மாதத்தில் வந்த அரசாணை எண் 172, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் உள்ளே நகர்ந்தால்தான் புது வீடு என்ற பொருளில் கோடு கிழித்தது. பழைய இடத்தை விட்டுக்கொடுத்துப் புது வீட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். கடல் சத்தம் காதில் விழாத இடத்தில் மீனவன் எப்படித் தூங்குவது என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அதற்குப் பதில் அரசாணையில் இல்லை.

தமிழ்நாட்டுக் கடலோரத்தில் இப்படி எழுந்த வீடுகள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். மடங்கள், திருச்சபைகள், வங்கி ஊழியர்கள், வெளிநாட்டு அமைப்புகள், வணிக நிறுவனங்கள், நடிகர்கள் என்று வராதவர் இல்லை. தேவனாம்பட்டினத்துக்கு இந்தி நடிகர் விவேக் ஓபராய் வந்து தங்கி நிவாரண வேலை பார்த்ததை அந்தத் தலைமுறை இன்னும் மறக்கவில்லை. கல்லூரி மாணவர்கள் விடுமுறைக்கு வந்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் தொப்பியும் கையுறையுமாக வெயிலில் சிவந்தபடி வரிசையில் நின்று செங்கல் கைமாற்றினார்கள்.

அந்தச் செங்கல் வரிசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழக்கப்பட்ட சித்தாள் ஒருவர் தலையில் பலகை வைத்து ஒரே நடையில் பத்துப் பன்னிரண்டு கல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். இருபது தன்னார்வலர் வரிசையாக நின்று காலை முழுக்கச் செய்யும் வேலையை இரண்டு சித்தாள்கள் டீ குடிக்கும் நேரத்துக்குள் முடிப்பார்கள். கரணை பிடிப்பதும், தூக்குக்குண்டு விட்டுச் சுவர் நேர் பார்ப்பதும், லிண்டலுக்குக் கம்பி கட்டுவதும் ஒரு வாரத்தில் வரும் வித்தை இல்லை. வந்தவர்கள் பூசிய சுவரை, அவர்கள் பஸ் ஏறியதும் கொத்தனார் சத்தமில்லாமல் உரித்துவிட்டு மறுபடி பூசிய கதை எந்தக் கட்டட மேஸ்திரியைக் கேட்டாலும் கிடைக்கும். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. தன் கையால் நாலு சட்டி சாந்து தூக்கிய பட்டணத்துப் பிள்ளை அதற்குப் பிறகு சித்தாள் கூலியைப் பேரம் பேச மாட்டான், அதுவே பெரிய லாபம். ஆனால் வீடு நிற்பது கொத்தனாரால். கூலி கொடுத்துக் கொத்தனாரை வைத்து, அவருக்குக் கையாளாகத் தொண்டர் நிற்கும் ஏற்பாடுதான் உருப்படும். இலவச உழைப்பு வருகிறதே என்று உள்ளூர்க் கூலியாளை நிறுத்திவிட்டால் தொண்டு அவர் வயிற்றில் அடித்ததாகிவிடும்.

யாரைக் கேட்டு வீடு கட்டினார்கள் என்பது அதைவிடப் பெரிய விஷயம். சுனாமி வீடுகள் பலவும் ஒரே வரைபடத்தில் வார்த்தவை. ஒரு அறை, ஒரு கூடம், ஒரு மூலையில் அடுப்படி, பின்னால் கழிப்பறை. வலையை எங்கே போடுவது, கருவாட்டை எங்கே காயவைப்பது, விறகு அடுப்புப் புகை எந்தப் பக்கம் போகும் என்று வரைந்தவருக்குத் தோன்றவில்லை. இடத்தைச் சமன் செய்யும் பேரில் இருந்த மரங்களையும் சில இடங்களில் நல்ல நிலையில் நின்ற பழைய வீடுகளையும் சேர்த்தே இடித்துத் தள்ளியதை ஆய்வாளர்கள் அப்போதே எழுதிக் கண்டித்தார்கள். மீனவர்களும் மச்சு வீடே வேண்டும், ஓடு வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காங்கிரீட் தளம் என்பது கௌரவம். மேலே இன்னொரு மாடி எழுப்பலாம் என்ற நம்பிக்கை. கீற்றுக் கூரைக்குக் கீழே பிறந்து வளர்ந்தவரிடம் போய் ஓட்டின் குளிர்ச்சியைப் பற்றிப் பாடம் எடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

இன்றைக்கு அந்தக் காங்கிரீட் வீட்டுக்கு முன்னால் கீற்றுக் கொட்டகை ஒன்று இறக்கியிருப்பார்கள். சமையல், படுக்கை, வலை பின்னுவது, விருந்தாளி உட்காருவது எல்லாம் அதற்குள்தான். உள்ளே பீரோவும் டிவியும் சாமி படமும். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் கல்யாணமாகி ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிகிறது.

கேட்டுக் கட்டிய இடங்களும் உண்டு. தெற்கே தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, லாரி பேக்கரின் வழிவந்த கட்டடக் கலைஞர் பென்னி குரியகோஸை வைத்துக் கட்டியபோது, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பேசி வரைபடத்தை மாற்றினார்கள். வாசல் எந்தத் திசை, திண்ணை வேண்டுமா என்று வீட்டுக்காரரே சொன்னார். இதற்கு நேரம் அதிகம் பிடித்தது. நன்கொடை கொடுத்தவர்களுக்குப் பொறுமை வேண்டியிருந்தது.

வீட்டுக்காரரின் கையும் கட்டடத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் புதிதும் இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் அமெரிக்கஸ் என்ற சிற்றூரில் 1976இல் மில்லார்ட் ஃபுல்லரும் லிண்டா ஃபுல்லரும் தொடங்கிய 'ஹாபிடட் ஃபார் ஹியூமானிட்டி' அமைப்பின் அடிப்படை விதியே அதுதான். வீடு இனாம் கிடையாது. வட்டியில்லாமல், லாபமில்லாமல் மெதுவாகத் திருப்பிக் கட்ட வேண்டும். அதோடு தன் வீட்டுக்கும் அடுத்தவர் வீட்டுக்கும் உடலுழைப்பும் தர வேண்டும். திரும்பி வரும் பணத்தில் அடுத்த வீடு எழும். இந்தியாவில் 1983இல் கம்மத்தில் அவர்கள் வேலை தொடங்கியது. 2006இல் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் லோனாவாலா அருகே மளவலி கிராமத்துக்கு வந்து, ஆயிரக்கணக்கான தொண்டர்களோடு ஒரே வாரத்தில் நூறு வீடு கட்டும் முகாமில் வேலை செய்தார். தொலைக்காட்சிகள் அங்கே போனதற்குக் காரணம் கூடவே வந்த பிராட் பிட்.

பிராட் பிட் வராத முகாம் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே பல பத்தாண்டுகளாக நடந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 தலித் மக்கள் எரிக்கப்பட்ட பிறகு அந்தப் பக்கம் வந்தவர்கள் சர்வோதயத் தம்பதி ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். 1981இல் 'லாஃப்டி' என்ற நிலமீட்பு அமைப்பைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான பெண்களின் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். நிலம் வந்த பிறகு கிருஷ்ணம்மாளுக்கு அடுத்த கவலை குடிசை. மழைக்கு ஒழுகும், நெருப்புக்கு ஒரு பிடி. கூலி வேலை இல்லாத நாட்களில் ஊரே சேர்ந்து செங்கல் அறுத்துச் சூளை போட்டுத் தங்கள் வீட்டைத் தாங்களே எழுப்பிக்கொள்ளும் வேலையை அவர் முடுக்கிவிட்டார். 2008இல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் 'சரியான வாழ்வாதார விருது' வந்தபோதும், 2020இல் பத்மபூஷண் வந்தபோதும் அவர் பேச்சு வீட்டைப் பற்றித்தான் இருந்தது. அங்கே தொண்டர் என்றும் பயனாளி என்றும் தனித்தனியாக ஆள் கிடையாது. இரண்டும் ஒரே ஆள்.

மறுபடி கடலூருக்கு வருவோம். 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. குடிசைகளின் கூரை எங்கே போனதென்றே தெரியவில்லை. குடிசை இழந்தவர்களுக்கு ஒரு லட்சம் காங்கிரீட் வீடுகள் என்று அரசு அறிவித்தது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, பெரியகாட்டுப்பாளையம், விசூர் பக்கம் ஓடைகள் வீடுகளை வாரிக்கொண்டு போயின. ஒவ்வொரு முறையும் தொண்டர் வந்தார்கள், ஒவ்வொரு முறையும் புது வீடு பற்றியே பேச்சு. இன்றைக்கு 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள். செங்கல்லும் கம்பியும் விற்கும் விலைக்கு அது போதாமல் கடன் வாங்கி முடிக்கும் குடும்பங்கள் நிறைய. பழைய வீடுகளைச் சீரமைக்க 2024இல் அரசு ஒரு திட்டம் அறிவித்ததை வரவேற்கத்தான் வேண்டும். இரண்டரை லட்சம் ஊரக வீடுகள், 2,000 கோடி ரூபாய். ஆனால் அது 2001க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டியவற்றுக்கு. சுனாமி வீடு 2005க்குப் பின் பிறந்தது, அந்தக் கணக்கில் உட்காராது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பராமரிப்பையே தொண்டின் உச்சமாக வைத்த மரபு பிறந்த மண் இந்த மாவட்டம். பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருவாமூரில் பிறந்தவர் அப்பர். திருவதிகைக் கோயிலில் விளக்குமாறும் சாணமெழுகலுமாகத் தொண்டு செய்துவந்த தமக்கை திலகவதியாரிடம், சமணத்தை விட்டுத் திரும்பி வந்தவர். அவர் எந்தக் கோயிலையும் கட்டியதாக வரலாறு இல்லை. கையில் உழவாரத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் இருந்த கோயில்களின் புல்லைச் செதுக்கினார். சிலையில் இன்றும் தோளோடு அந்தக் கருவி இருக்கிறது. இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் உழவாரப்பணிக் குழுக்கள் வேன் பிடித்துப் போய், கோபுர வெடிப்பில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கி, தூணில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டிக் கழுவுகிறார்கள். கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி என்பது வழக்கு. சுனாமி வீட்டுக்கு இருபதாகிவிட்டது.

வடலூரையும் சொல்லலாம். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த வள்ளலார் 1867 மே 23 அன்று அங்கே, பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமச்சாலையின் அடுப்பை மூட்டினார். மூட்டியது ஒரு நாள் வேலை. அணையாமல் வைத்திருப்பது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தினசரி வேலை. அடுப்படியில் விறகு தள்ளும் கைகளின் பெயரை எந்தக் கல்லிலும் யாரும் வெட்டுவதில்லை.

சரி, கம்பி தெரியும் வீட்டுக்கு என்ன செய்யலாம்?

முதலில், ஏன் தெரிகிறது என்பதைப் பார்க்கலாம். சிமெண்டின் காரத்தன்மை கம்பிக்குக் கவசம். உப்பு உள்ளே நுழைந்தால் கவசம் ஓட்டையாகிறது. கடலோரக் காற்றிலேயே உப்பு இருக்கிறது. போதாததற்குக் கலவைக்கும், தளத்தில் பாத்தி கட்டி நிறுத்துவதற்கும் உவர்த்தண்ணீர் எடுத்திருந்தால் கட்டும்போதே விதை போட்டாகிவிட்டது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கேட்ட இடம் கிடைக்காவிட்டால் சுற்றியுள்ள காங்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும். நேரடிக் கடற்காற்றில் நிற்கும் கட்டடத்தில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடல் வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. நம் பக்கத்துத் தளங்களில் அரை அங்குலம், முக்கால் அங்குலம் இருந்தால் அதிகம். சுனாமி வீடுகள் எல்லாமே மோசமாகக் கட்டியவை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் ஒன்று கல்லாக நிற்கிறது, ஒன்று உதிர்கிறது. அவசரத்தில், செங்கல்லுக்கும் ஆளுக்கும் பஞ்சம் வந்த நேரத்தில் கட்டியவை. அன்றைக்கு வந்த மணலையும் தண்ணீரையும் பொறுத்தது.

சரிசெய்யும் முறை ஒன்றும் ரகசியம் இல்லை. தளர்ந்த காங்கிரீட்டைக் கொத்தி எடுக்க வேண்டும், தளத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு. கம்பியை இரும்புப் பிரஷ்ஷால் பளபளக்கத் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த சாந்தால் மூடி, அது காயாமல் நாள்கணக்கில் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கம்பி ஓரளவுக்கு மேல் தின்றுபோயிருந்தால் புதுக்கம்பி சேர்க்க வேண்டும், இல்லை தளத்தையே இடிக்க வேண்டும். எது எந்த வீடு என்று சொல்லப் பொறியாளர் வேண்டும். இதில் தேய்ப்பது, சுமப்பது, நனைப்பது, மொட்டைமாடிச் செடியைப் பிடுங்கித் தண்ணீர் தேங்காமல் குழாய் அடைப்பை எடுப்பது, எல்லாம் தொண்டர் தாராளமாகச் செய்யும் வேலை. செங்கல் கைமாற்றுவதைவிட உண்மையாகப் பயன்படும் வேலை.

பொறியாளரைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியல் துறை இருக்கிறது, அதன் கடல்சார் ஆய்வு மையம் இருப்பது சுனாமி அடித்த பரங்கிப்பேட்டையிலேயே. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு ஏழு நாள் சிறப்பு முகாம் உண்டு. அந்த ஏழு நாளில் ஒரு நகர் முழுக்க வீடு வீடாகப் போய், எந்தத் தளம் உயிரோடு இருக்கிறது, எது ஆபத்து என்று ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தால், அது மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வதைவிடப் பெரிய காரியம். கேரளத்தில் பத்தனம்திட்டாவின் பேராசிரியர் எம்.எஸ். சுனில், தம் மாணவி ஒருத்திக்கு வீடில்லை என்று தெரிந்து கல்லூரி மாணவர்களோடு ஒரு வீடு கட்டப்போய், பிறகு நூற்றுக்கணக்கில் கட்டி முடித்தவர். ஆரம்பம் ஒரு வகுப்பறைதான். அமெரிக்காவின் டெக்சாஸில் மிட்லண்ட் என்ற ஊரில் 1973இல் அக்கம்பக்கத்தார் ஆண்டுக்கு ஒருநாள் கூடி முதியவர்கள், ஏழைகளின் வீடுகளைப் பழுதுபார்க்கத் தொடங்கியது இன்று 'ரீபில்டிங் டுகெதர்' என்ற நாடு தழுவிய அமைப்பாகியிருக்கிறது. அவர்கள் பெரும்பாலும் புது வீடு கட்டுவதில்லை. ஒழுகும் கூரை, ஆடும் படிக்கட்டு, இவ்வளவுதான்.

ஏன் இங்கே அது எடுபடவில்லை? பழுதுக்குத் திறப்பு விழா கிடையாது. ரிப்பன் வெட்ட முடியாது. நன்கொடையாளரின் ஆண்டறிக்கையில் 'கட்டிய வீடுகள்' என்று ஒரு கட்டம் இருக்கும். 'உதிராமல் நிறுத்திய கூரைகள்' என்று ஒரு கட்டம் போட்டு நான் பார்த்ததில்லை. வெள்ளையடிக்க மட்டும் சில சமயம் ஆள் வருகிறார்கள். அது பழுதுபார்க்காமல் விடுவதைவிட ஆபத்து. வெடிப்பு வண்ணத்துக்குள் ஒளிந்துகொள்ளும், அடுத்த மழைக்கு மேலே இருந்து பேசும்.

வேலைக்குக் காலமும் குறுகல். பங்குனியிலிருந்து ஆவணி வரை நல்ல வெயில் உண்டு. ஐப்பசி பிறந்துவிட்டால் வடகிழக்கு மழை, ஈரத்தில் எந்தப் பூச்சும் பிடிக்காது. மார்கழியில், டிசம்பர் 26 காலையில், ஆண்டுதோறும் தேவனாம்பட்டினம் கடலில் பால் ஊற்றி மலர் தூவி அஞ்சலி செலுத்துகிறார்கள். மேடை, மைக், பத்திரிகைக்காரர்கள் என்று கூட்டம் இருக்கும். ஒன்பது மணிக்கெல்லாம் கலைந்துவிடும்.

அதற்குப் பிறகு கையில் ஒரு சின்னச் சுத்தியலோடு சுனாமி நகருக்குள் போகலாம். வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டுவிட்டு ஸ்டூல் போட்டு ஏறி, கூடத்தின் தளத்தை லேசாகத் தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல காங்கிரீட் 'டங்' என்று கல் மாதிரிச் சொல்லும். உள்ளே விட்டுப்போன இடம் முற்றாத தேங்காயைத் தட்டிய சத்தம் போல 'பொத்' என்று கேட்கும். பொத் என்ற இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த வட்டத்துக்குக் கீழே பாய் இருந்தால் நகர்த்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம்.